பண்ணையடிமை என்ற ஒரே சொல் போதாது: செக் வரலாற்றுக்குச் சில கலைச்சொற்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்துவிட்டே எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பொஹீமியாவின் சமூக வரலாறு பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். உழவர்களைக் குறிக்க 'பண்ணையடிமை' என்றே எழுதி வந்தேன். இப்போது பண்ணையடிமை முறை 1781இல் ஒழிந்தது என்று ஒரு பத்தியிலும், அதே முறை 1848இல் ஒழிந்தது என்று அடுத்த பத்தியிலும் வந்து நிற்கிறது. எந்த ஆண்டு சரி?

அம்மா, இரண்டு ஆண்டுகளும் சரியானவை. ஒழிக்கப்பட்டவைதான் வேறு வேறு. செக் மொழியில் 1781இல் ஒழிந்தது 'நெவோல்னிட்ஸ்த்வீ', அதாவது உழவனை ஊரோடு கட்டிவைத்த பிணைப்பு. 1848இல் ஒழிந்தது 'பொடன்ஸ்த்வீ', அதாவது பிரபுவின் கீழ்க் குடியாக இருக்கும் நிலை. நாம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததால்தான் உங்கள் பத்திகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அடிக்குறிப்பு போட்டுச் சமாளிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கூடாது என்பேன். செக் உழவர் வரலாற்றின் முந்நூற்றைம்பது ஆண்டுகளும் இந்த இரண்டு சொற்களின் இடைவெளியில்தான் நடந்தன. அதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் வேண்டும்.

முதலில் பண்ணையடிமை. ரஷ்ய நாவல்கள், ரஷ்ய வரலாறு வழியாக நம்மிடம் ஊன்றிய சொல் அது. ரஷ்யாவுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். அங்கே ஆட்களை நிலத்திலிருந்து பிரித்தும் விற்றார்கள். இன்றைய செக் நாட்டின் பகுதிகளான பொஹீமியாவில், மொராவியாவில் நிலை வேறு. பிரபு தன் ஊர்களை விற்றால் அங்கிருந்த உழவர்களும் ஊரோடு சேர்ந்து புதிய பிரபுவின் கீழ் வந்தார்கள். ஆளைத் தனியே சந்தைக்குக் கொண்டுபோவது அங்கே வழக்கம் அல்ல. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த உழவன் தன் பண்ணைவீட்டையும் நிலத்தையும் விலைக்கு வாங்கினான். முன்பணம் கொடுத்து, மீதியை ஆண்டுத் தவணைகளாகக் கட்டினான். கட்டிய ஒவ்வொரு தவணையும் ஊர் நிலப்பதிவேட்டில் ஏறியது. அவன் இறந்தால் நிலம் மகனுக்குப் போகும். மற்ற பிள்ளைகளுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பதும் அதே ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். ஊர்த்தலைவனும் ஊர்ச்சான்றோர்களும் அந்த உழவர்களிலிருந்தே வந்தார்கள். தவணை கட்டி நிலம் வாங்கி, மகனுக்கு விட்டுச் செல்பவனை அடிமை என்று எழுதினால் தமிழ் வாசகர் மனத்தில் விழும் படம் தவறு. தஞ்சைப் பண்ணையாட்களை நினைத்துக்கொள்வார். நிலம் இல்லாத, கூலிக்கும் கடனுக்கும் கட்டுப்பட்ட மனிதர் கண்முன் வருவார். செக் உழவன் நிலம் உள்ளவன். ஆனால் அந்த நிலத்துக்கு மேலே ஒரு பிரபு உட்கார்ந்திருந்தான். அதுதான் வேறுபாடு.

அந்தப் பிரபு வெறும் நிலச்சொந்தக்காரனும் அல்ல. உழவனுக்கு வழக்கு என்றால் முதல் நீதிமன்றம் பிரபுவின் அலுவலகம். அரசனுக்குப் போகும் வரியைத் திரட்டுவதும் அதே அலுவலகம். உழவன் அரசனின் குடி என்பது பெயரளவில். நடைமுறையில் அரசனுக்கும் அவனுக்கும் நடுவில் பிரபு நின்றான். 'பொடனீ' என்ற சொல்லின் பொருள் ஒருவரின் கீழ் வைக்கப்பட்டவர் என்பது. இதற்கு சார்குடி என்று முன்மொழிகிறேன். அந்த நிலை சார்குடிமை. ஒரு பிரபுவைச் சார்ந்த குடி. குடிதான், அடிமை அல்ல.

> கீழ்க்குடி என்று சொன்னால் என்ன ஐயா? நேர்ப்பொருள் கிடைக்கிறதே.

கிடைக்கிறது, ஐயா. ஆனால் தமிழில் கீழ்க்குடி என்றால் பிறப்பைத் தாழ்த்தும் சொல்லாகிவிடும். வரலாற்று நூலில் ஒரு மக்கள் கூட்டத்தின் சட்டநிலையைச் சொல்லப் போய் அவர்களை இழிவுபடுத்தும் சொல் நிலைத்துவிட்டால் பிறகு யார் அதைப் பிடுங்கி எறிவது?

இனி 1781. அதற்கு முந்தைய நிலையை ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. படிப்படியாக இறுகிய கயிறு அது. 1487இல் பொஹீமிய அவை, ஓடிப்போன உழவர்களை அவரவர் பிரபுவிடம் திருப்பி அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்தது. 1500இல் வந்த விளாதிஸ்லாவ் நாட்டுச் சட்டத்தில் இந்தப் போக்கு உறுதியானது. அப்போதும் பதினாறாம் நூற்றாண்டில் பிரபுக்களுக்கு உழவர்களின் உடலுழைப்பு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அவர்கள் வருமானம் வேறு வழிகளில் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். 1618இல் பிராகில் தொடங்கிய போர் முப்பது ஆண்டுகள் நீண்டு, ஊர்கள் காலியானபோதுதான் கயிறு கழுத்துக்கு வந்தது. நிலம் கிடந்தது, உழ ஆள் இல்லை. இருக்கிற ஆளை விடாதே என்பது பிரபுக்களின் ஒரே கொள்கையானது. ஊரைவிட்டுப் போக அனுமதி வேண்டும், திருமணத்துக்கு அனுமதி, மகனைத் தச்சனிடமோ தையற்காரனிடமோ தொழில் பழக அனுப்பவும் அனுமதி. பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஆண்டுதோறும் பிரபுவின் அலுவலகத்தில் வரிசையில் நிறுத்தி, வேண்டியவர்களைப் பண்ணை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. என்னால் ஆறாமல் படிக்க முடியாத பகுதி அது.

1781 நவம்பர் 1 அன்று, வியன்னாவிலிருந்து ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பு பிறப்பித்த ஆணை இந்தக் கட்டுகளை அறுத்தது. போகலாம், மணக்கலாம், தொழில் கற்கலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். முன்கூட்டித் தெரிவித்தால் போதும். அனாதைகளின் பண்ணைச் சேவை தாயும் தகப்பனும் இருவருமே இல்லாதவர்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. ஆனால் மறுநாள் காலையிலும் அதே உழவன் அதே பிரபுவின் வயலுக்கு ஏர் பூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவன் இன்னும் அந்தப் பிரபுவின் சார்குடிதான். அறுந்தது பிணைப்பு, சார்பு அறவில்லை.

ஆகவே 1781இல் ஒழிந்ததைப் பிணைகுடிமை என்று சொல்லலாம். அந்த மனிதன் பிணைகுடி. பிணை என்பதை வினைத்தொகையாக வைத்திருக்கிறேன்: பிணைக்கப்பட்ட, பிணைக்கப்படும் குடி. இப்போது உங்கள் பத்திகளை மாற்றிப் பாருங்கள் அம்மா. '1781இல் பிணைகுடிமை ஒழிக்கப்பட்டது. சார்குடிமையும் அதனோடு வந்த கட்டாய உழைப்பும் 1848 வரை நீடித்தன.' முரண் போய்விட்டது. வரலாறும் தெரிகிறது.

1848இன் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்திரிய சிலேசியாவில் ஒரு சார்குடி உழவரின் மகனாகப் பிறந்த ஹான்ஸ் குட்லிக், வியன்னாவில் கூடிய நாடாளுமன்றத்தில் அந்த ஆண்டு ஜூலையில் சார்குடிமையை ஒழிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். செப்டம்பர் 7 அன்று அது சட்டமானது. பிரபுவுக்கு ஈட்டுத்தொகை எவ்வளவு என்பது அடுத்த ஆண்டு மார்ச் ஆணையில் முடிவானது. ஒழிந்த கடமைகளின் மதிப்பை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்கைப் பிரபு இழந்தார். ஒரு பங்கைப் பொதுநிதி ஏற்றது. மூன்றாவது பங்கை உழவன் தன் கையிலிருந்து கட்டினான். விடுதலைக்கு அவனே மூன்றில் ஒரு பங்கு விலை கொடுத்தான் என்பதை மொழிபெயர்ப்பில் யாரும் நழுவவிடக் கூடாது.

சொல்லைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கடினமான ஒரு நிகழ்ச்சியை அந்தச் சொல்லால் சொல்லிப் பார்க்க வேண்டும். 'சார்குடி'யை நான் ஹோட் மக்களின் வழக்கில் வைத்துப் பார்த்தேன். பொஹீமியாவின் தென்மேற்கு எல்லையில், தொமாஜ்லிட்சே நகரைச் சுற்றிய ஊர்களில் வாழ்ந்தவர்கள் ஹோட்கள். பவேரியா பக்கத்து எல்லைக் காடுகளைக் காவல் காப்பது அவர்கள் கடமை; அதற்கு ஈடாக 1325இலேயே லக்சம்பர்க் அரசர் யோவான் அவர்களுக்குச் சிறப்புரிமைகள் எழுதிக் கொடுத்திருந்தார். 1620இல் வெள்ளைமலைப் போரில் செக் பிரபுக்கள் தோற்றபின் நிலங்கள் கைமாறின. அந்தப் பகுதி லாமிங்கர் குடும்பத்திடம் வந்தது. ஹோட்கள் மற்ற உழவர்களைப் போலவே பிரபுவின் சார்குடிகள் என்று புதிய பிரபு சொன்னார். இல்லை, நாங்கள் அரசனுக்கு நேராக உட்பட்டவர்கள், எங்களிடம் ஓலைகள் இருக்கின்றன என்று ஹோட்கள் வியன்னா வரை வழக்காடினார்கள். தோற்றார்கள். வழக்கை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான யான் ஸ்லாட்கீ கோஜினா, 1695 நவம்பர் 28 அன்று பில்சென் நகரில் தூக்கிலிடப்பட்டார்.

கோஜினா எதற்காகச் செத்தார்? 'தான் அடிமை அல்ல என்று வாதாடினார்' என்று தமிழில் எழுதினால் அது பொய்யாகிவிடும். அவரை யாரும் அடிமை என்று சொல்லவில்லை. 'தான் லாமிங்கரின் சார்குடி அல்ல என்று வாதாடினார்' என்று எழுதுங்கள். வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில் நிற்கிறது. அவர் கேட்டது, தனக்கும் அரசனுக்கும் நடுவே நிற்பது யார் என்ற கேள்வி.

அடுத்தது 'ரோபோத்தா', உழவன் பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டிய உழைப்பு. இந்தச் சொல்லுக்காகத்தான் இங்கே அதிக மடல்கள் வந்திருக்கின்றன.

> ரோபோத்தா என்றே ஒலிபெயர்த்துவிடலாமே. ரோபோ என்ற சொல்லை எல்லோரும் அறிவோம்.

ரோபோவை அறிவோம் என்பதாலேயே வேண்டாம் என்கிறேன். 1920இல் காரெல் சாப்பெக் எழுதிய நாடகத்தில் வரும் செயற்கைத் தொழிலாளர்களுக்கு அவருடைய அண்ணன் யோசெஃப் சொல்லிக் கொடுத்த பெயர் ரோபாட். அந்தப் பெயர் இந்த ரோபோத்தாவிலிருந்து பிறந்ததுதான். அந்த நாடகத்து ரோபாட்கள் இரும்பால் ஆனவையும் அல்ல; மனித உடல் போன்ற உடலோடு, கூலியின்றி உழைப்பதற்காகவே செய்யப்பட்டவர்கள். இதை ஓரிடத்தில் விளக்கிச் சொல்வது நல்லது. ஆனால் பதினேழாம் நூற்றாண்டு உழவன் வாரத்துக்கு மூன்று நாள் ரோபோத்தா செய்தான் என்று எழுதினால் நம் வாசகருக்கு எதுவுமே புரியாது.

சரி, தமிழில் என்ன? 'வெட்டி' நல்ல சொல். சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறிக்க அதுவே வருகிறது. ஆனால் இன்று வெட்டி வேலை என்றால் பயனற்ற வேலை. அந்த உழைப்பு பயனற்றதாகப் பிரபுவுக்கு இருக்கவில்லை! 'அமஞ்சி' அகராதியில் இருக்கிறது. அகராதிக்கு வெளியே இல்லை. 'கட்டாய உழைப்பு' என்பது சிறை, முகாம், போர்க்கைதி எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. 'கொத்தடிமை' கடனோடு சேர்ந்தது. ரோபோத்தாவுக்குக் கடன் காரணம் அல்ல, நிலத்தில் குடியிருப்பதே காரணம்.

யாழ்ப்பாண நண்பர் அனுப்பிய குறிப்புதான் எனக்கு வழிகாட்டியது.

> இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சியில் செட்டிகள், சோனகர் போன்றோர் மீது சுமத்தப்பட்ட கூலியில்லாக் கட்டாய வேலைக்கு ஊழியம் என்றே பெயர். ஒல்லாந்தரின் ஆவணங்களிலும் அந்தப் பெயர்தான் வருகிறது.

திருவிதாங்கூரிலும் இதே சொல் இதே பொருளில் வழங்கியது. ஆக, ஆட்சிக்குக் கட்டுப்பட்டவர் கூலியின்றிச் செய்ய வேண்டிய உழைப்பு என்ற பொருள் 'ஊழியம்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாம் புதிதாக ஏற்ற வேண்டியதில்லை. முன்னால் பண்ணையைச் சேர்த்து பண்ணையூழியம் என்றால் யாருக்காக, எங்கே என்பதும் தெளிவாகும்.

இந்தச் சொல் பிள்ளை பெறும் என்பது இன்னொரு நன்மை. பண்ணையூழியம் இரண்டு வகை. குதிரையோ எருதோ வைத்திருக்கும் உழவன் அவற்றோடு வந்து உழவும் வண்டியோட்டவும் வேண்டும். விலங்கு இல்லாதவன் கையோடு வர வேண்டும்: அறுப்பு, போரடிப்பு, விறகு வெட்டு. முன்னதைப் பூட்டூழியம் என்றும் பின்னதைக் கையூழியம் என்றும் சொல்லலாம். ஏர் பூட்டுவதும் வண்டி பூட்டுவதும் பூட்டில் அடங்கிவிடுகின்றன. 'ஏரூழியம்' என்றால் வண்டி விடுபட்டுப்போகும்.

இந்த இரண்டும் இல்லாமல் 1775ஆம் ஆண்டு ஆணையைத் தமிழில் சொல்லவே முடியாது. அதற்குமுன் நடந்ததைப் பாருங்கள். 1680இல் பொஹீமிய உழவர்கள் எழுந்தார்கள். வியன்னாவில் பரவிய கொள்ளைநோய்க்குத் தப்பிப் பேரரசர் லியோபோல்டு பிராகுக்கு வந்திருந்தார்; அவரிடம் நேரில் மனு கொடுக்கலாம் என்று ஊர் ஊராக நம்பினார்கள். மனுக்களுக்குக் கிடைத்த விடை படை. ஆனாலும் அந்த ஜூன் மாதம் பார்துபிட்சே நகரிலிருந்து ஓர் ஆணை வந்தது: பண்ணையூழியம் வழக்கமாக வாரத்துக்கு மூன்று நாளைத் தாண்டக் கூடாது. அறுவடைக்காலம் போன்ற விலக்குகள் வழியாகப் பிரபுக்கள் அதைத் தாண்டினார்கள். 1775இல் மறுபடி கிளர்ச்சி; மார்ச்சில் கிலுமெட்ஸ் அருகே படை அதை நசுக்கியது. படுதோல்வி அடைந்தவர்களைக் 'கிலுமெட்ஸ் உழவர்கள் போல' என்று சொல்லும் வழக்கு செக் மொழியில் இன்றும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று பேரரசி மரியா தெரேசா பிறப்பித்த ஆணை, உழவர்களை அவர்கள் கட்டும் வரியை வைத்துப் பதினொரு வகுப்புகளாகப் பிரித்தது. சொந்த வீடுகூட இல்லாமல் அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருப்பவனுக்கு ஆண்டுக்கு 13 நாள் கையூழியம். உச்சியில் இருந்த பெருநில உழவனுக்கு வாரத்துக்கு மூன்று நாள் பூட்டூழியம். இடையில் ஒன்பது படிகள். 'கட்டாய உழைப்பு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் படிக்கட்டில் எப்படி ஏறுவது?

பேரரசி இன்னும் ஒரு படி போய்ப் பார்த்தார். இயேசு சபை கலைக்கப்பட்டபின் அரசின் கைக்கு வந்த நிலங்களில், பிரான்ட்ஸ் அன்டோன் ராப் என்ற அலுவலர் பண்ணை நிலத்தை உழவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டு, ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். தனியார் பிரபுக்கள் பெரும்பாலோர் அந்த வழியில் வரவில்லை.

இப்போது பிரபுவின் பக்கம். அவர் நிலத்தையும் அதன்மேல் அவருக்கிருந்த ஆட்சியையும் சேர்த்துச் செக் மொழியில் 'பன்ஸ்த்வீ' என்பார்கள்.

> 'பன்ஸ்த்வீ' என்பதற்கு ஜமீன் என்று போடலாம். எல்லோருக்கும் தெரிந்த சொல்.

ஐயா, தெரிந்த சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜமீன்தார் நம் நினைவில் அரசுக்கு வரி திரட்டித் தரும் இடையாள். சென்னை மாகாணத்தில் 1802இல் கம்பெனி அரசு உறுதிசெய்த நிலை அது. செக் பிரபுவின் உரிமைக்கு வேர் வேறு. அவர் நிலம் பிராகில் இருந்த நாட்டுப் பதிவேடுகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த ஏட்டில் இருப்பதே உரிமை. 1541இல் பிராக் கோட்டையில் பிடித்த தீயில் அந்த ஏடுகள் எரிந்தபோது நாட்டு உயர்குடியினர் பதறிய பதற்றத்தை நினைத்தாலே அவற்றின் மதிப்பு புரியும். அந்த நிலத்துக்குள் வழக்கு, வரி, காவல், தொழில் எல்லாம் அவர் கையில். ஆட்சியும் பண்ணையும் சேர்ந்த ஒன்று. ஆகவே நிலத்தை ஆட்சிப்பண்ணை என்றும், பிரபுவின் அதிகாரத்தையும் அந்த முறையையும் பண்ணையாட்சி என்றும் சொல்வோம். அதற்குள் பிரபு நேரடியாகப் பயிரிடுவது பண்ணைநிலம். உழவர் கையில் இருப்பது குடிநிலம். 1654இன் பெரும் வரிப்பட்டியல் குடிநிலத்தை மட்டுமே கணக்கெடுத்தது. பண்ணைநிலம் அந்த வரிக்கு வெளியே நின்றது. ஏன் குடிநிலத்தைப் பிரபு விழுங்காமல் காக்க அரசு பிற்பாடு அவ்வளவு அக்கறை காட்டியது என்பதற்கு விடை இதில் இருக்கிறது: விழுங்கினால் அரசின் வரி போகும்.

'நிலப்பிரபுத்துவம்' போதாதா என்று கேட்கலாம். அது வெறும் வாரமும் குத்தகையும் வாங்கிப் பிழைக்கும் பிரபுவைச் சொல்கிறது. செக் பிரபு தானே தொழில் நடத்தினார். 1517இல் நகரங்களோடு செய்துகொண்ட புனித வென்செஸ்லாஸ் உடன்பாட்டில் பீர் காய்ச்சும் உரிமை பிரபுக்களுக்குக் கிடைத்தது. அதன்பின் ஒவ்வோர் ஆட்சிப்பண்ணையிலும் ஒரு பீர்ச்சாலை எழுந்தது. சார்குடிகளின் ஊர்ச் சத்திரங்கள் தங்கள் பிரபுவின் பீரையே வாங்க வேண்டும். தெற்கே த்ரெபோன் பகுதியில் ரோஜ்ம்பெர்க் குடும்பத்தார் மீன் வளர்த்தார்கள். ஷ்டெபானெக் நெட்டோலிட்ஸ்கீ பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய பொன்வாய்க்கால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஏரிகளுக்கு நீர் ஊட்டுகிறது. அதே நூற்றாண்டின் இறுதியில், 1584 முதல் 1590 வரை, யாக்குப் கிர்ச்சீன் கட்டிய ரோஜ்ம்பெர்க் ஏரி இன்றும் செக் நாட்டின் மிகப் பெரிய மீன் ஏரி. ஏரியை வற்றவைத்து கெண்டை பிடிக்கும் இலையுதிர்கால அறுவடை அங்கே இப்போதும் நடக்கிறது. 1611இல் பீட்டர் வோக்கோடு ரோஜ்ம்பெர்க் வழி அற்றது. த்ரெபோன் பின்னர் ஷ்வார்சென்பெர்க்குகளிடம் வந்தது.

அதனால்தான் முன்னே சொன்னேன்: பீரும் கெண்டையும் ஆட்டு ரோமமும் வருமானம் தந்தவரை ஊழியத்தின் சுமை தாங்கக்கூடியதாக இருந்தது. போருக்குப்பின் தானியப் பண்ணைகளைப் பெருக்கக் கூலி ஆள் கிடைக்காதபோது அது ஏறியது. பண்ணையாட்சி என்ற சொல்லில் இந்த வளர்ச்சிக்கு இடம் இருக்கிறது.

நிலத்தை அல்ல, அவையின் பிரிவைக் குறிக்கும் 'எஸ்டேட்' பற்றி ஒரு வரி. பொஹீமிய அவையில் இருந்த மூன்று பிரிவினர், அதாவது பெரும்பிரபுக்கள், சிறுபிரபுக்கள், அரச நகரங்கள், ஆகியோரை அவைநிலையினர் என்று எழுதுவோம். 1618 கிளர்ச்சி 'அவைநிலையினர் கிளர்ச்சி'. 1627இல் திருச்சபையினர் முதல் நிலையினராகத் திரும்ப வந்து நான்கானது. அந்தக் கிளர்ச்சிக்காக 1621 ஜூன் 21 அன்று பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் கொல்லப்பட்ட 27 பேரில் 3 பேர் பெரும்பிரபுக்கள், 7 பேர் சிறுபிரபுக்கள், 17 பேர் நகரத்தார் என்ற கணக்கும் இந்தச் சொற்களில் தெளிவாக விழுகிறது.

கருத்துகளை எழுதுங்கள்.

* * *

அன்பின் ஐயா,

சார்குடி, பிணைகுடி இரண்டையும் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். எனக்கு இரண்டு தயக்கங்கள். ஊழியம் என்றவுடன் இன்றைய தமிழகத்தில் இறைப்பணி நினைவுக்கு வருகிறது. 'ஊழியர்' என்றால் சம்பளம் வாங்குபவர். அடுத்தது, பூட்டூழியம் என்பதைப் பார்க்கும் இளம் வாசகர் பூட்டையும் சாவியையும் நினைப்பார். 'இழுவையூழியம்' சரிவராதா? இன்னொன்றும் கேட்கிறேன். 1918க்குப் பிந்தைய பகுதிகளுக்கு இந்தச் சொற்கள் எதுவும் தேவைப்படாதா?

* * *

அன்புத் தம்பி,

ஊழியம் பற்றிய உன் தயக்கம் நியாயமானது. அதனால்தான் தனியே விடாமல் பண்ணையைச் சேர்த்தேன். 'பண்ணையூழியம்' என்பதில் ஆலயமும் இல்லை, அலுவலகமும் இல்லை. நூலில் முதல் முறை வரும்போது 'கூலியின்றிப் பிரபுவுக்குச் செய்ய வேண்டிய உழைப்பு' என்று ஒரு விளக்கம் கொடுத்துவிட்டால் பிறகு கையூழியம் என்று சுருக்கினாலும் தடுமாற்றம் வராது.

இழுவையூழியம் நன்றாக இருக்கிறது. குதிரை, எருது, ஏர், வண்டி எல்லாவற்றுக்கும் பொது. பூட்டூழியத்தைக் கைவிடுகிறேன், உன் சொல்லே இருக்கட்டும்.

1918 பற்றிக் கேட்டாய். அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று புதிய செக்கோஸ்லோவாக் குடியரசு பிரபுப் பட்டங்களை ஒழித்தது. பட்டம் போனது, நிலம் உடனே போகவில்லை. 1919 ஏப்ரலில் வந்த சட்டம் 150 ஹெக்டேருக்கு மேற்பட்ட விளைநிலம், அல்லது மொத்தத்தில் 250 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் வைத்திருந்தவர்களின் உடைமையை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, பங்கிட வழி திறந்தது. இங்கே 'ஆட்சிப்பண்ணை' என்று எழுதினால் பிழை. ஆட்சி 1848லேயே கழன்றுவிட்டது. மிஞ்சியது பண்ணை மட்டும். ஆகவே 1848க்குப் பிந்தைய நிலத்துக்குப் பெரும்பண்ணை என்ற எளிய சொல் போதும். ஒரு நூலில் ஆட்சிப்பண்ணை எந்தப் பக்கத்தோடு நின்று பெரும்பண்ணை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று பார்த்தாலே மொழிபெயர்ப்பாளருக்கு வரலாறு தெரிந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

ஷ்வார்சென்பெர்க் குடும்பத்தின் சொத்து 1947இல் அவர்கள் பெயரைச் சுட்டியே இயற்றிய தனிச் சட்டம் ஒன்றால் அரசுடைமையானது. அங்கேயும் பெரும்பண்ணைதான்.

எனக்கு இன்னும் முடிவாகாத ஒரு சொல் இருக்கிறது. பெரிய குடும்பங்கள் தங்கள் நிலத்தை விற்கவோ பிரிக்கவோ முடியாதபடி சட்டத்தால் கட்டி, தலைமுறைக்கு ஒருவருக்கு, பெரும்பாலும் மூத்த மகனுக்கு, முழுதாகப் போகும்படி வைத்தார்கள். செக் மொழியில் அதற்கு 'ஃபிடெய்கோமிஸ்' என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பரவிய இந்த ஏற்பாட்டை 1924இல்தான் குடியரசு சட்டத்தால் ஒழித்தது. 'பிரிபடாச் சொத்து' என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் நம் கூட்டுக்குடும்பத்தின் பிரிக்கப்படாத சொத்தோடு அது குழம்பும். அங்கே எல்லோருக்கும் பங்கு உண்டு, பிரிக்கத்தான் இல்லை. இங்கே ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் பங்கே கிடையாது. 'கைமாறா உடைமை' என்றால் தலைமுறை மாறும்போது கைமாறத்தானே செய்கிறது என்ற கேள்வி வரும். 'ஒருவழி உடைமை' என்றும் யோசித்தேன். போக்குவரத்து நினைவு வந்துவிடுகிறது. குழுமத்தில் சட்டத்துறை நண்பர்கள் இருக்கிறார்கள். சொத்துச் சட்டத் தமிழில் இதற்கு நெருக்கமான சொல் ஏதாவது புழங்கியிருந்தால் எழுதுங்கள். அதுவரை அம்மையார் தம் கட்டுரையில் 'பிரிபடாச் சொத்து' என்று போட்டு, மூத்தமகன் உரிமையைப் பக்கத்திலேயே விளக்கிவிடலாம்.

அன்புடன்.